அடுப்படிக் கேள்விகள்: கத்தி வாங்கப் போகும் முன்

கடந்த இதழில் கோவாச் சுண்டல் பற்றி எழுதியபோது, கோவாவை நூல் போல அரிந்தால்தான் அது நிறம் மாறாமல் சீக்கிரம் வேகும் என்று குறிப்பிட்டிருந்தேன். அதைப் படித்த பலர், தங்கள் வீட்டுக் கத்தியால் அவ்வாறு அரிய முடியவில்லை என்றும், நல்ல கத்தியை எப்படித் தெரிவு செய்வது என்றும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஆகவே இம்முறை இப்பக்கங்களைக் கத்திக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எனக்குத் திருமணமாகி நான்கு மாதங்கள் ஆகின்றன. தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். அடுத்த மாதம் தனிக்குடித்தனம் போகிறோம். கத்தி, பலகை எல்லாவற்றுக்குமாக 5,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். கடையொன்றில் மரக்கட்டையில் செருகிய ஆறு கத்திகள் கொண்ட செட் ஒன்று ஏறக்குறைய அதே விலைக்கு இருக்கிறது. அதை வாங்கலாமா, அல்லது தொலைக்காட்சியில் சமையற்காரர்கள் பாவிக்கும் பெரிய கத்தி ஒன்றை மட்டும் வாங்கலாமா? எங்கள் அடுப்படி மேசை மிகவும் ஒடுக்கமானது. விளக்கமாகச் சொல்லுங்கள், அக்கா.
வாசகி ஒருவர், ஹட்டன்

பதில்: அந்தச் செட்டை வாங்க வேண்டாம், தங்கச்சி. நானும் குடித்தனம் தொடங்கிய புதிதில் அப்படி ஒரு செட்டைப் பளபளப்பில் மயங்கி வாங்கினேன். இரண்டாவது மாதத்தில் பெரிய கத்தியின் பிடி ஆடத் தொடங்கியது. பூசணிக்காயின் தோலில் வழுக்கிய அதே கத்தி என் இடது சுட்டுவிரலில் விட்ட தழும்பு இன்றும் இருக்கிறது. மழுங்கிய கத்தி கையை வெட்டாது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் மழுங்கிய கத்தியை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறது; அது வழுக்கினால் அந்த அழுத்தம் முழுவதும் விரலில் இறங்குகிறது. செட்டில் உள்ள ஆறில் நீங்கள் நாள்தோறும் கையில் எடுக்கப்போவது இரண்டைத்தான். மற்ற நான்கையும் அதே விலைக்குள் அடக்க வேண்டியிருப்பதால் அந்த இரண்டின் தரத்தில்தான் கைவைத்திருக்கிறார்கள்.

உங்களிடம் உள்ள பணத்தில் பாதியைப் பெரிய கத்தி ஒன்றுக்கு வையுங்கள். மீதியில் ஒரு தீட்டுக்கல்லும், தோல் சீவுவதற்குச் சிறிய கத்தி ஒன்றும், மரப்பலகை ஒன்றும் வாங்குங்கள். கல்லுக்குப் பணம் ஒதுக்கச் சொல்வது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம்; ஆனால் கல் இல்லாத வீட்டில் எவ்வளவு விலையான கத்தியும் சில மாதங்களில் மழுங்கிப்போய், பாணுக்கு மாஜரின் பூசும் கத்தியாகிவிடுகிறது. எனது அனுபவத்தில், நடுத்தரமான கத்தியை வைத்து ஒழுங்காகத் தீட்டுகிற வீட்டில் சமையல் சுலபமாக நடக்கிறது. உயர்ந்த கத்தியை வாங்கித் தீட்டாமல் வைத்திருக்கிற வீட்டில் பெண்கள் வெங்காயத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

பெரிய கத்தியின் அலகு 20 சென்டிமீற்றர், அதாவது 8 அங்குலம் இருக்கட்டும். மேசை ஒடுக்கமானது என்பதால் 18 சென்டிமீற்றர் அளவும் உங்களுக்குப் பொருந்தும். நமது பக்கத்தில் ஒரு நாளைக்கு வெட்டுவதை நினைத்துப் பாருங்கள்: அரைக் கோவா, இரண்டு தண்டு லீக்ஸ், நான்கு கரட், ஒரு நோக்கோல், ஒரு பிடி போஞ்சி. கோவாவை ஒரே வெட்டில் பிளக்க அலகு அதன் அகலத்தைவிடச் சற்று நீண்டிருக்க வேண்டும். குட்டைக் கத்தியால் சுற்றிச் சுற்றி வெட்டினால் வெட்டுகள் ஒன்றோடொன்று சேராமல் கோவா பிய்ந்துபோகும். நீளத்தைப் பார்க்கும் பலர் அலகின் உயரத்தைக் கவனிப்பதில்லை. பிடிக்கு அருகே, குதிப் பகுதியில், முதுகிலிருந்து வாய் வரை 45 மில்லிமீற்றராவது இருந்தால்தான் கத்தி பலகையைத் தொடும்போது உங்கள் விரல் முட்டிகள் பலகையில் இடிபடாமல் இருக்கும்.

தடித்த கத்திதான் நெடுநாள் உழைக்கும் என்ற எண்ணம் நம்மவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. கரட்டை வெட்டும்போது பாதியில் டக்கென்று பிளந்து துண்டு எகிறி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். கூர் இருந்தாலும் தடித்த அலகு ஆப்பு போல இறங்கிக் கரட்டைப் பிளந்துவிடுகிறது. முதுகு 2 மில்லிமீற்றர் அளவில் இருந்து, வாயை நோக்கி வர வர நன்றாக மெலியும் கத்தியே சமையலுக்கு ஏற்றது. அடித்துச் செய்த கத்தி உயர்ந்தது, தகட்டில் வெட்டி எடுத்த கத்தி தாழ்ந்தது என்று சில கடைக்காரர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். தகட்டிலிருந்து வெட்டியெடுத்த கத்திகள் பெரும்பாலும் மெலிதாகவும் பாரம் குறைந்தும் இருப்பதால், குறைந்த விலைக்கு வாங்குபவருக்கு அவையே பல வேளைகளில் நல்லவை.

உருக்கைப் பற்றி இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ளுங்கள். அலகில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று மட்டும் பொறித்திருந்தால், அதில் குறைந்தது 10.5 சதவீதம் அளவு குரோமியம் கலந்திருக்கிறது, துரு எளிதில் பிடிக்காது என்பதற்கு மேல் எதுவும் தெரியவராது. கூரைத் தாங்கும் கடினத்தைக் கொடுப்பது காபன். அது எவ்வளவு என்பதை அந்தச் சொல் சொல்லாது. ஜேர்மன் முறையில் ‘எக்ஸ் 50 சி.ஆர்.மோ.வி 15’ என்றோ, சீன முறையில் ‘5 சி.ஆர் 15 மோ.வி’ என்றோ பொறித்திருந்தால், ஏறக்குறைய 0.5 சதவீதம் காபனும் 15 சதவீதம் குரோமியமும் உள்ளன என்று பொருள். வீட்டுச் சமையலுக்கு அது தாராளம். ‘3 சி.ஆர் 13’ என்றிருந்தால் காபன் 0.3 சதவீதம் அளவுதான்; கூர் சீக்கிரம் மடியும், ஆனால் சீக்கிரம் தீட்டவும் வரும். எதுவுமே பொறித்திராவிட்டால் கைப்பையில் சிறிய காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். எங்கள் வீட்டுச் சில்வர்த் தட்டு, குவளை போன்றவற்றில் பலவற்றைச் செய்யும் உருக்கு காந்தத்தில் ஒட்டாது. அதைச் சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்கவும் முடியாது. ஆகவே காந்தம் ஒட்டாத கத்தியை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். ஒட்டுகிற கத்தி எல்லாம் நல்ல கத்தி என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடவும் கூடாது.

கடையில் கத்தியைக் கையில் எடுத்ததும், வாய் மேல்நோக்கியிருக்க, கண்ணுக்கு நேரே வெளிச்சத்தில் பிடித்துக் குதியிலிருந்து முனை வரை பாருங்கள். கூரான வாய் கண்ணுக்குத் தெரியாத அளவு மெலிதானது. வெள்ளைக் கோடாகவோ புள்ளியாகவோ மின்னும் இடம் மழுங்கியோ பல் விழுந்தோ இருக்கிறது. பிறகு முதுகின் மேலே பார்வையை ஓட்டி அலகு கோணாமல் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பிடியும் அலகும் சேரும் இடத்தில் விரல் நகத்தை வைத்து ஓட்டுங்கள். நகம் நுழைகிற இடைவெளியில் தண்ணீரும் நுழையும். எங்கள் மலையில் மழையும் பனிமூட்டமுமான மாதங்களில் அந்த ஈரம் காயாமல் உள்ளிருந்தே பிடியை உளுக்கச் செய்யும். அலகின் வால் பிடியின் கடைசி வரை போய் மூன்று ஆணிகளால் இறுக்கப்பட்டிருந்தால் நல்லது. வார்ப்புப் பிளாஸ்டிக் பிடியாயின் இடைவெளியே இல்லாமல் அலகோடு ஒட்டியிருக்க வேண்டும். கடைசியாக, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அலகையே குதிக்கு மேலே கிள்ளிப் பிடித்து, மற்ற மூன்று விரல்களாலும் பிடியைச் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். இதுதான் பெரிய கத்தியைப் பிடிக்கும் முறை. அப்படிப் பிடிக்கும்போது முதுகின் விளிம்பு சுட்டுவிரலை அறுப்பது போலிருந்தால், அரை மணி நேரம் வெட்டிய பின் கொப்புளம் போடும்.

பெயர் சொல்லிக் கேட்டிருப்பவர்களுக்கு: தாய்லாந்தின் கிவி கத்திகள் விலை குறைந்தவை, அலகு மெலிது, உருக்கு மென்மையானது, அடிக்கடி தீட்டப் பஞ்சிப்படாதவர்களுக்கு அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சுவிட்சர்லாந்தின் விக்டோரினொக்ஸ் நிறுவனம் 1884 இலிருந்து கத்தி செய்துவருகிறது. வார்ப்புப் பிடி போட்ட அதன் 20 சென்டிமீற்றர்க் கத்தி பல நாட்டு உணவகச் சமையலறைகளில் நாள் முழுவதும் பாடுபடுகிறது. அது உங்கள் தொகைக்குள் அடங்குவது கடினம். டுபாயிலோ கட்டாரிலோ வேலை செய்யும் உறவினர் வரும்போது கொண்டுவரச் சொல்வதானால், கைப்பையில் வைக்காமல் விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டிக்குள் வைக்கும்படி மறவாமல் சொல்லுங்கள்.

இன்னுமொன்று. இந்தக் கத்தியால் தேங்காய் உடைக்காதீர்கள், எலும்பு வெட்டாதீர்கள், ஐஸாக உறைந்த மீனைக் கொத்தாதீர்கள், பலாக்காயின் நடுத்தண்டைப் பிளக்காதீர்கள். அவற்றுக்கு மாமியார் வீட்டு மன்னா கத்தி போன்ற ஒன்று தேவை. தேங்காயை அதன் முதுகால் தட்டினால் போதும். மெலிந்த கத்தியில் பல் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் அதன் தரமல்ல, மன்னா கத்தியின் வேலையை அதனிடம் வாங்கியதுதான்.

கேள்வி: என் தாயார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் கொல்லன் பட்டறையில் அடித்த கத்தியைத்தான் பாவிக்கிறோம். வாழைப்பூ அரிந்தால் பூவும் கத்தியும் கறுத்துவிடுகின்றன, இரவில் கழுவி வைத்தால் காலையில் துருப்பிடித்திருக்கிறது, கடைக் கத்தி வாங்குவோம் என்கிறாள் மருமகள். பழைய கத்தியை எறிந்துவிடுவதா?
வாசகர் ஒருவர், பசறை

பதில்: எறிய வேண்டாம், ஐயா. மருமகள் சொல்லும் இரண்டு குறைகளும் உண்மையானவை. இரண்டையும் போக்க வழியுண்டு.

பட்டறைக்காரர்கள் பெரும்பாலும் பழைய லொறிகளின் ஸ்பிரிங் தகட்டை வெட்டிக் காய்ச்சி அடித்துக் கத்தி செய்கிறார்கள். அந்தத் தகட்டில் ஏறக்குறைய 0.6 சதவீதம் காபன் இருக்கும். கையறிந்த கொல்லர் அதை அளவாகச் சூடேற்றித் தோய்த்திருந்தால், மலிவான கடைக் கத்தியைக் காட்டிலும் அது கூரை நெடுநாள் தாங்கும். குரோமியம் மிகக் குறைவு என்பதால் துருப் பிடிக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஹரி பிரியர்லி 1913 இல், துப்பாக்கிக் குழாய்கள் சீக்கிரம் தேயாமலிருக்கப் புதிய உருக்கைத் தேடிக்கொண்டிருந்தபோது குரோமியம் கலந்த உருக்கை உருக்கியெடுத்தார். அதன் பிறகே துருப்பிடிக்காத கத்திகள் கடைக்கு வந்தன. அதுவரை உலகமெங்கும் உங்கள் தாயாரின் கத்தியைப் போன்ற கத்திகளாலேயே சமைத்தார்கள், அவற்றைத் துடைத்து வைக்கவும் அறிந்திருந்தார்கள்.

கறுப்புக்குக் காரணம் துரு அல்ல. வாழைப்பூவில் துவர்ப்பைத் தரும் தனின் என்ற பொருள் இரும்போடு சேரும்போது கருநிறம் உண்டாகிறது. பழைய காலத்தில் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளையும் இரும்பையும் சேர்த்து எழுத்து மை காய்ச்சியதும் இதே வினையைக் கொண்டுதான். இந்த வினையையே கத்திக்குக் காவலாக மாற்றிக்கொள்ளலாம். தேயிலை விளையும் மலையில் இருக்கும் நமக்கு அதற்கு வேண்டிய பொருள் வீட்டிலேயே இருக்கிறது. கத்தியைச் சாம்பல் தொட்டுத் தேய்த்து, துருவும் எண்ணெய்ப் பசையும் போகச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள். நான்கைந்து கரண்டி தேயிலைத் தூளைப் போட்டுக் கடும் சாயம் காய்ச்சி, ஆறியதும் சிறிது வினாகிரி விட்டு, உயரமான போத்தலிலோ குவளையிலோ அலகு முழுவதும் மூழ்கும்படி இரண்டு, மூன்று மணி நேரம் நிறுத்தி வையுங்கள். மரப்பிடி சாயத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது அலகு ஒரே சீராகக் கருஞ்சாம்பல் நிறமடைந்திருக்கும். அதைக் கழுவித் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவிவிடுங்கள். அந்தக் கருமை உரியாத வரை சிவந்த துரு முன்போல எளிதில் பிடிக்காது, வாழைப்பூவும் முன்னளவு கறுக்காது.

அதற்குப் பிறகும் ஒரு பழக்கம் வேண்டும்: தேசிக்காயோ மாங்காயோ புளியோ பட்டால் அந்த நிமிடமே கழுவித் துடைத்துவிட வேண்டும், இரவில் ஈரத்தோடு வைக்கக் கூடாது. மருமகளுக்கு அந்தக் கவனம் சுமையாகத் தோன்றினால், அவருக்குத் துருப்பிடிக்காத கத்தி ஒன்றை வாங்கிக்கொடுங்கள். வேலைக்கும் போய் அடுப்படியையும் பார்க்கும் பெண்ணுக்கு ஒரு கடமையைக் குறைப்பது நல்ல காரியமே. தாயாரின் கத்தி உங்கள் கையில் இருக்கட்டும்.

கேள்வி: யூடியூப்பில் அலையலையான கோலம் போட்ட டமஸ்கஸ் கத்திகளைப் பார்க்கிறேன். ஜப்பான் கத்திகள்தான் உலகிலேயே கூரானவை என்கிறார்கள். காசு சேர்த்து அப்படி ஒன்றை வாங்குவது பிரயோசனமா, அக்கா?
மாணவர் ஒருவர், தலவாக்கலை

பதில்: தம்பி, இன்று விற்கும் டமஸ்கஸ் கத்திகளில் வெட்டுவது நடுவில் உள்ள ஒரே உருக்குத்தான்; அலையலையான கோலம் அதன் இரு பக்கமும் போர்த்திய அடுக்குகளில் இருக்கிறது. மிக மலிவான சிலவற்றில் அந்த அடுக்கும் இல்லை, மேற்பரப்பில் கோலத்தைப் பொறித்து விடுகிறார்கள். அழகுக்குக் கொடுக்கும் விலை என்று தெரிந்து கொடுத்தால் தவறில்லை.

உருக்கின் கடினத்தை ரொக்வெல் என்ற அளவால் சொல்வார்கள். ஐரோப்பியக் கத்திகள் பெரும்பாலும் 54 முதல் 58 வரையும், ஜப்பானியக் கத்திகளில் பல 60 க்கு மேலும் இருக்கும். கடினம் கூடினால் வாயை இன்னும் மெலிதாக, பக்கத்துக்கு 15 பாகை அளவுக்குத் தீட்டலாம், அந்தக் கூரும் நெடுநாள் நிற்கும். அதோடு சேர்ந்து நொறுங்கும் தன்மையும் கூடும். பூசணித் தோலில் சிக்கிய அலகைப் பக்கவாட்டில் நெம்பினாலே பல் விழுந்துவிடும். பலர் கைபடும் நமது அடுப்படிகளுக்கு 56, 57 அளவுள்ள கத்தியே பொறுமையான கத்தி.

நீ டமஸ்கஸ் என்று கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயரால் புகழ்பெற்ற பழைய வாள்களுக்கான உருக்கு தென்னிந்தியாவிலிருந்தும் நமது தீவிலிருந்தும் மேற்கே போனது. எமது மலைகளின் தெற்குச் சரிவில், பலாங்கொடைப் பக்கத்துச் சமனலவெவவில், தென்மேல் பருவக்காற்றை நேரே வாங்கும் மேடுகளில் காற்றாலேயே எரிந்த பழைய இரும்பு உலைகளைக் கில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் கண்டறிந்து, அதே போன்ற உலையைக் கட்டி எரித்தும் பார்த்து, 1996 இல் நேச்சர் இதழில் எழுதினார். துருத்தி ஊதாமலே, காற்று மட்டும் மூட்டிய அந்த உலையில் காபன் செறிந்த உருக்கு உண்டானது. ஹட்டனிலும் வட்டவளையிலும் மழையைக் கொண்டுவந்து கொட்டும் அதே காற்று அது.

கேள்வி: முன்பெல்லாம் சாணை பிடிப்பவர் சக்கரத்தோடு எங்கள் தோட்டத்துக்கு வருவார். இப்போது யாரும் வருவதில்லை. கத்தியை இழுத்துத் தீட்டும் சிறிய கருவி ஒன்று வாங்கினேன். முதலில் வெட்டியது, இப்போது வெட்டவில்லை. வீட்டிலேயே ஒழுங்காகத் தீட்டுவது எப்படி?
வாசகி ஒருவர், வெலிமடை

பதில்: இந்தக் கேள்விக்காகவே இம்முறை இப்பக்கங்களை எழுதத் தொடங்கினேன் என்றும் சொல்லலாம்.

என் தகப்பனார் தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டினார். கவ்வாத்துக் காலத்தில் ஒவ்வொரு மாலையும் லயத்து இஸ்தோப்பில் குந்தி, கல்லை நனைத்து, வளைந்த கத்தியை அதன் மேல் ஓட்டிக்கொண்டிருப்பார். அவசரமில்லாமல், ஒரே சாய்வில், ஒரே ஓசையோடு கத்தி போய்வரும். இடையில் நிறுத்தி, பெருவிரல் நகத்தின் மேல் வாயைச் சாய்த்து மெல்ல வைப்பார். நகத்தில் வழுக்கினால் மறுபடி கல்லுக்குப் போகும், நகத்தைக் கவ்விக்கொண்டு நின்றால் போதும் என்று எழுந்துவிடுவார். மழுங்கிய கத்தி கிளையை நார்நாராகப் பிய்க்கும், பிய்ந்த வெட்டில் தண்ணீர் தங்கிச் செடி அழுகும் என்பார். சமையலறையிலும் நடப்பது அதுவே. மழுங்கிய கத்தி வெங்காயத்தை நசுக்கிச் சாறு பிழிவதால்தான் கண் அவ்வளவு எரிகிறது. தக்காளி கூழாவதும் கீரை கறுத்துப்போவதும் அந்த நசுக்கலால்தான்.

நீங்கள் வாங்கிய இழுப்புக் கருவி வாயை இரண்டு பக்கமும் சுரண்டி எடுக்கிறது. முதலில் கூர் வந்தது போலிருக்கும், வாய் கரடுமுரடாகும், இரும்பும் வீணாகத் தேயும். அதை ஒதுக்கிவிட்டு, ஹாட்வெயார்க் கடையில் ஒரு பக்கம் கரடாகவும் மறுபக்கம் நைசாகவும் உள்ள கார்பொரண்டம் கல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வசதியிருந்தால் 1000 என்ற இலக்கமிட்ட தண்ணீர்க் கல் அதைவிட நல்லது. அது ஒன்றே வீட்டுக்குப் போதும். கல்லுக்குத் தண்ணீரோ எண்ணெயோ ஏதாவது ஒன்றைத்தான் பாவிக்க வேண்டும். எண்ணெய் குடித்த கல் பிறகு தண்ணீரை ஏற்காது. ஆகவே தண்ணீரே சுலபம்.

கல்லைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, நனைத்து மடித்த துணியின் மேல் நகராமல் வையுங்கள். கத்தியைக் கல்லில் படுக்க வைத்து முதுகை மெல்ல உயர்த்துங்கள். எவ்வளவு உயர்த்துவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். அலகு 45 மில்லிமீற்றர் உயரமானால், படுக்க வைத்த தீப்பெட்டி ஒன்றின் தடிப்பளவு முதுகு கல்லிலிருந்து எழுந்திருக்கட்டும்; அது ஏறக்குறைய வேண்டிய சாய்வைத் தரும். முதல் சில நாட்களுக்கு உண்மையாகவே தீப்பெட்டியைப் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். பிறகு அந்தச் சாய்வு மாறாமல், இடது கையின் இரண்டு விரல்களால் அலகை இலேசாக அழுத்தி, குதியிலிருந்து முனை வரை கத்தியை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். சாய்வு மாறிக்கொண்டேயிருந்தால் வாய் உருண்டுவிடும். வேகத்தைவிடச் சாய்வே முக்கியம்.

எப்போது மறுபக்கம் திருப்புவது என்பதற்குக் கத்தியே அடையாளம் காட்டும். ஒரு பக்கம் போதிய அளவு தேய்ந்ததும் வாயின் மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும். கண்ணுக்குத் தெரியாது, பெருவிரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக வெளியே வழித்தால், சட்டைத் துணியில் நூல் சிக்குவது போலத் தட்டுப்படும். விரலை வாயின் நீளத்துக்கு ஒருபோதும் ஓட்டாதீர்கள். பிசிறு குதியிலிருந்து முனை வரை தொடர்ச்சியாகத் தட்டுப்பட்டால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. பெரும்பாலானோர் பிசிறு எழும் முன்பே நிறுத்திவிடுவதால்தான் ‘எவ்வளவு தீட்டியும் கூர் வரவில்லை’ என்கிறார்கள். மறுபக்கத்திலும் அதுபோலச் செய்து, கடைசியில் அழுத்தமேயில்லாமல் பக்கத்துக்கு ஒரு தடவையாக மாற்றி மாற்றி நான்கைந்து முறை நைசுப் பக்கத்தில் ஓட்டினால் பிசிறு போய்விடும். பழைய கடதாசி ஒன்றைத் தொங்கப் பிடித்து வெட்டிப் பாருங்கள். அல்லது பழுத்த தக்காளியின் மேல் கத்தியின் பாரத்தை மட்டும் வைத்து இழுத்துப் பாருங்கள், தோல் திறந்துகொள்ளும்.

கல் வாங்கும் வரை, பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து அதன் அடிவளையத்தில் மெருகு பூசாத, சொரசொரப்பான ஓரத்தில் அதே சாய்வில் தீட்டலாம். சிறிய கத்திக்கு அது நன்றாகவே வேலை செய்யும். மாதத்துக்கு ஒரு தடவை கல்லில் பத்து நிமிடம் செலவழித்தால் பெரிய வேலை எதுவும் சேராது.

கேள்வி: பரிசாக வந்த கண்ணாடி வெட்டுப்பலகை அழகாகவும் கழுவச் சுலபமாகவும் இருக்கிறது. பாவிக்கலாமா?
வாசகி ஒருவர், நுவரெலியா

பதில்: கேக் வைத்துப் பரிமாறுங்கள், அதில் வெட்டாதீர்கள். கண்ணாடி வாய்க்குச் சற்றும் இடங்கொடுக்காத அளவு கடினமாக இருப்பதால் ஒவ்வொரு வெட்டிலும் வாய் அதில் மோதி மடிகிறது. கருங்கல் மேடை, சில்வர்த் தட்டு, பீங்கான் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். பலா, மா போன்ற மரப்பலகையோ தடித்த பிளாஸ்டிக் பலகையோ வாயை ஏற்றுக்கொள்ளும். மீனுக்கும் இறைச்சிக்கும் வேறு பலகை வைத்திருங்கள். மரப்பலகையைக் கழுவியதும் படுக்க வைக்காமல் சுவரோடு நிமிர்த்தி வைத்தால் இரு பக்கமும் காற்றுப் பட்டுக் காயும். நுவரெலியாக் குளிரில் படுத்த பலகையின் அடிப்பக்கம் இரண்டு நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும்.

கேள்வி: என் மகள் இடது கைக்காரி. அவளுக்கு வேறு கத்தி வேண்டுமா?
வாசகி ஒருவர், மஸ்கெலியா

பதில்: வேண்டாம். இரண்டு பக்கமும் சமமாகத் தீட்டிய கத்தி எந்தக் கைக்கும் ஒன்றே. ஒரு பக்கம் மட்டும் தீட்டிய சில ஜப்பானியக் கத்திகளே வலக்கைக்கென்று செய்யப்பட்டவை, அவற்றைத் தவிருங்கள். விரல்களை உள்ளே மடித்து, நகங்கள் பின்வாங்கியிருக்க, முட்டியில் அலகு சாய்ந்து நகரும்படி காய்கறியைப் பிடிக்க அவளுக்குக் கற்றுக்கொடுங்கள்.

கேள்வி: லயத்து அறையில் அடுப்படியும் படுக்கையும் அருகருகே. மூன்று வயதுப் பேரன் எல்லாவற்றையும் இழுக்கிறான். கூரான கத்தியை எங்கே வைப்பது?
பாட்டி ஒருவர், பொகவந்தலாவை

பதில்: அம்மா, கரண்டிகளோடு கூடையில் போட வேண்டாம், எடுக்கிற கைக்கும் ஆபத்து, வாயும் மற்றவற்றில் உரசி மழுங்கும். தடித்த அட்டைப்பெட்டி ஒன்றை அலகின் நீளத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்து, திறந்த பக்கத்தை ஒட்டுநாடாவால் இறுக்க ஒட்டினால் உறை தயார். முனைப் பக்கத்தையும் ஒட்டிவிடுங்கள். கத்தியை நன்றாகத் துடைத்துக் காய்ந்த பிறகே உறையில் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் அட்டை அந்த ஈரத்தை வைத்துக்கொண்டு துருவை வளர்க்கும். உறையோடு சேர்த்து, பேரன் கதிரையில் ஏறினாலும் எட்டாத உயரத்தில், கூரைக்குக் கீழே உள்ள சுவர்ப் பலகையில் பின்தள்ளி வையுங்கள். அட்டை நைந்துபோனதும் புதிதாக ஒன்று வெட்டிக்கொள்ளலாம்.